எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், துடியலூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். வீட்டிலிருந்தே பம்ப் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கொடுக்கிறேன். எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

அன்று கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண் வந்தாள். என் மகளைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். குடி, புகையிலைப் பழக்கம் பற்றி ஆராய்ச்சிக்காக வீடு வீடாகக் கேட்கிறோம், பெயர் எழுத மாட்டோம், இஷ்டமில்லாவிட்டால் பதில் சொல்ல வேண்டாம் என்று பொறுமையாகச் சொன்னாள். வேண்டாம் என்று அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் சந்தேகம் வருமோ என்று அதற்கும் பயம். அடுத்த வாரம்தான் ஈரோட்டிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அப்பா குடிகாரர் என்று எங்கேயாவது பதிவாகி, அது அவர்கள் காதுக்குப் போய்விட்டால்?

"அக்கா, ஊட்டுல யாராச்சும் குடிப்பாங்களா?"

"எங்கூட்டுக்காரரு டீயே அளவாத்தான் குடிப்பாரு, கண்ணு."

என் கணவர் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். வேலை முடிந்து கடைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நினைவில்லை. அந்த நேரம் அவர் கறி எடுக்கப் போயிருந்தார். அந்தப் பெண்ணுக்கு நேர் எதிரே ஜன்னலில் நான் மணி பிளான்ட் வைத்திருந்ததே பிராந்தி பாட்டிலில்தான். அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நானும் பார்த்தேன். நான் சொன்ன பதிலையே கையிலிருந்த டேப்லெட்டில் தட்டிக்கொண்டாள். கேட்ட அத்தனைக்கும் இல்லை என்றே சொல்லி முடித்தேன். ஆபீஸ் விலாசம் போட்ட ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பத்து நாள் கழித்து, சுற்றிய காயிலைக் கொடுக்க நான் கம்பெனிக்குப் போயிருந்தபோது அதே ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்திருக்கிறார். சரிபார்ப்பதற்காகச் சில வீடுகளில் இரண்டாவது ஆள் போய் அதே கேள்விகளைக் கேட்பார்களாம். சாப்பிடும்போது கணவர் சாவகாசமாகச் சொன்னார்.

"தெனமும் குடிக்கிறேன்னு சொல்லிப்போட்டேன்."

"அய்யோ, ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"ஊருக்கே தெரிஞ்சதுதான புள்ள. அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன? முன்னாடி ஒரு பொண்ணு வந்துச்சான்னு கேட்டாங்க. நான் பார்க்கலீங்கன்னுட்டேன்."

நான் பாதியில் எழுந்து கை கழுவினேன். அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கே வராமல், எங்கேயோ உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் இல்லை என்று எழுதிக்கொண்டாள் என்றல்லவா ஆகிவிடும்? இரண்டு நாள் காயில் சுற்றும்போது எண்ணிக்கை தப்பிக்கொண்டே இருந்தது. அவிழ்த்து அவிழ்த்துச் சுற்றினேன். மூன்றாம் நாள் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு ஆர்.எஸ்.புரத்திலிருந்த அந்த ஆபீஸுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

அங்கே யாரும் செருப்பைக் கழற்றவில்லை. நான் மட்டும் வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அந்தப் பெண் ஒரு மூலையில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். விஷயம் தெளிவாகும்வரை வீடுகளுக்குக் கேள்வி கேட்கப் போக வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்தார்களாம்.

"அந்தப் புள்ள எங்கூட்டுக்கு வந்துச்சுங்க. நாந்தான் பொய் சொல்லிப்போட்டேன். அது மேல தப்பே இல்லீங்க" என்று, எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அந்த மேடத்திடம் நின்றபடியே ஒப்பித்தேன்.

மேடம் அவள் பக்கம் திரும்பினார். "அவங்க மறைக்கிறாங்கன்னு உனக்குத் தெரியும்ல? ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"அக்கா சொன்னதை எழுதறதுதானுங்க மேடம் என் வேலை. அவங்க ரொம்பப் பயந்துட்டு இருந்தாங்க. அவங்களைப் போயி பொய் சொல்றாங்கன்னு எப்படிங்க சொல்றது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேடம் திட்டவில்லை, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார வைத்தார்.

"உங்க பேரு எதுலயும் இல்லீங்க, நம்பர்தான் இருக்கு. ஆனா எல்லா ஊட்டுலயும் இல்லை இல்லைன்னு சொன்னா, அந்தப் பக்கம் குடியே இல்லைன்னு ஆயிடும். அப்புறம் குடியை நிறுத்த நினைக்கிறவங்களுக்கு அங்க டாக்டரோ ஆலோசகரோ வேணும்னு நாங்க எதை வெச்சுக் கேக்கறது?"

இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. என் வீட்டை மூடி வைப்பதாக நினைத்துக்கொண்டு, ஊருக்கே கதவைச் சாத்தியிருக்கிறேன். அன்றைக்கு மத்தியானமே அந்தப் பெண்ணை மறுபடி வேலைக்கு அனுப்பினார்கள். போகும்போது, "சாப்பிட்டுட்டுப் போங்கக்கா" என்றாள் என்னிடம்.

என் மகளின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மேடம் விலாசம் கொடுத்த ஒரு ஆலோசகரிடம் கணவர் என்னோடு இரண்டு முறை வந்தார், மூன்றாம் முறை வரவில்லை. இப்போது குறைத்திருக்கிறார், நிறுத்தவில்லை. என் பயமும் முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் நான் மறைத்ததற்காக, யார் பெற்ற பிள்ளையோ ஒருத்தி வாய் திறக்காமல் அந்த மூலையில் உட்கார்ந்திருந்ததை நினைக்கும்போதெல்லாம், உண்மையைச் சொல்ல நடுங்கியதைவிடப் பொய்யைச் சொல்லத்தான் நான் அதிகம் நடுங்கியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.