பத்மநாதன் மாட்டிய சங்கிலி

இத்தாலியின் பலெர்மோவில் இருபது வருடம் இருந்தும் பனியைக் கிட்ட நின்று பார்க்காத தமிழர் பலர் உண்டு. மலையில் விழுகிறது, கைபேசியில் படம் வருகிறது, அவ்வளவுதான். பத்மநாதனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. டிசம்பரில் தொடங்கி மார்ச் முடியும்வரை அவர் அதை மிதிக்கிறார், அள்ளுகிறார், அளக்கிறார், வாய்க்கு வந்தபடி வைகிறார்.

கோடையில் அவருக்கு மொண்டெல்லோவில் ஓர் உணவகத்தில் மீன் கழுவும் வேலை. கடற்கரை காலியானதும் மடோனியே மலையிலுள்ள ஒரு பனிச்சறுக்கு இடத்துக்குப் போய்விடுவார். அங்கே இருவர் அமரக்கூடிய கதிரைகள் கம்பிக் கயிற்றில் தொங்கியபடி மேலே போகும். அடிவாரத்தில் ஆட்களை அவற்றில் ஏற்றிவிடுவது அவர் பொறுப்பு. இது நாலாவது பருவம். கேட்கச் சின்ன வேலைதான். ஆனால் கதிரை வந்து முழங்காலுக்குப் பின்னால் பதமாகத் தட்ட வேண்டுமென்றால் நிலத்துப் பனி ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி அமுங்கும். இவர் சவளால் அள்ளிப் போட்டு, காலால் உழக்கிச் சரிப்படுத்துவார். ஒரு மணிநேரத்தில் மறுபடி அமுங்கும். பனியை அழுத்திப் பரப்பும் வண்டி ஒன்றும் உண்டு. லொறியளவு பெருத்த அந்தச் சாமானுக்கு இத்தாலியர் வைத்த பெயர் பூனை. பெயர் வைத்தவனைப் பிடித்து ஒருநாள் அதன் முன்னால் நிறுத்த வேண்டும் என்பார் பத்மநாதன்.

இப்படிப்பட்டவரை ஊருக்குள் பெரிய ஆளாக்கியது கலியாணத் தரகர். மகள் கிருசாந்தினிக்கு நாப்போலியில் ஒரு பொருத்தம் வந்தது. பையன் பிரசாந். தாய் புனிதமலர் தனியாளாக நின்று ஆளாக்கிய ஒரே பிள்ளை. பிள்ளைகள் இரண்டும் ஆறு மாதமாகத் தொலைபேசியில் கதைத்து, மனம் ஒத்துப் போய்விட்டன. தாயின் சம்மதம்தான் பாக்கி. "பொம்பிளையின்ரை தேப்பன் ஸ்கீ மலையிலை மனேச்சர். லிப்ட் முழுக்க அவரின்ரை கையிலைதான்" என்று தரகர் அளந்துவிட்டிருந்தார். பத்மநாதன் அதை மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும். ஆனால் மகளின் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்த எந்தத் தகப்பனுக்குத்தான் வாய் வரும்?

பெண் பார்க்க நாள் குறித்தார்கள். ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை. அந்த மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டால் வேலையையே விட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். பாதிப் பலெர்மோ மலைக்கு ஏறும் நாள் அது. "அப்ப நாங்கள் அங்கையே வாறம். பெடியனும் ஸ்னோ பாத்ததில்லை" என்றார் புனிதமலர். பஞ்சாங்கத்தைப் புரட்டி, பத்து ஐம்பதிலிருந்து பதினொன்று முப்பத்தைந்து வரை நல்ல நேரம் என்றும் சொல்லிவிட்டார். கதிரையில் ஏறிப்போய் மேலே கோப்பிக்கடை வாசலில் பிள்ளைகள் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. எல்லாம் பார்த்தார்கள், காற்றை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை கடல் பக்கமிருந்து வந்த குளிர்காற்று நல்ல பனியைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பத்மநாதன் அளவுகோலை ஊன்றிப் பார்த்தபோது அடிவாரத்தில் ஐம்பத்தெட்டு சென்ரிமீற்றர். கந்தோருக்குச் சொன்னார், அவர்கள் இணையத்தில் போட்டார்கள். ஆனால் காற்று இப்போது தெற்கிலிருந்து வீசத் தொடங்கியிருந்தது. ஆபிரிக்காவிலிருந்து வரும் அந்தச் சூட்டுக்காற்றுக்கு ஷிரோக்கோ என்று பெயர். பத்து மணிக்கே பனியின்மேல் செம்மண் தூள் படிந்து, காலைத் தூக்கினால் குழைந்த சோறாய் ஒட்டியது.

மலைப்பாதையில் வாகன நெரிசல். புனிதமலர் வந்து சேரும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பட்டுச்சேலை, மேலே ஆண்களின் பெரிய ஜாக்கெட், காலில் ஓட்டச் சப்பாத்து. கூடவே பிரசாந். பின்னால் பத்மநாதனின் மனைவி அம்பிகையும் கிருசாந்தினியும். நேரம் போகிறது என்று எல்லாரும் நேரே கதிரை வாசலுக்கு வந்தார்கள். மனேச்சர் சவளும் கையுமாக நின்றார். புனிதமலர் சவளைப் பார்த்தார்.

அந்த நேரம் பத்மநாதனின் கண் கயிற்றைத் தாங்கும் இரண்டாவது கம்பத்தில் இருந்தது. அங்கே மலையில் ஒரு பிளவு. தெற்குக் காற்று அதற்குள்ளால்தான் பாயும். வெறும் கதிரை ஒன்று கம்பத்தைச் சரிந்தபடி தாண்டியது. அடுத்தது இன்னும் சரிந்தது. வோக்கிடோக்கியில் மேலேயிருந்து வேலைத் தலைவர் சல்வத்தோரேயின் குரல்: காற்று மணிக்கு நாற்பத்திரண்டு கிலோமீற்றர், எல்லை ஐம்பது, ஏற்றிக்கொண்டிரு. காற்றை அளக்கும் கருவி இருப்பதோ மேலே கட்டடத்தின் மறைவில், பிளவுக் காற்று அதில் படாது.

பிரசாந் வரிசையின் முன்னால் வந்து நின்றான். அடுத்த கதிரை அவனுக்கும் தாய்க்கும். பத்மநாதன் மகளை ஒருதரம் பார்த்தார். பிறகு கயிற்றின் வேகத்தைக் குறைத்து, வாசலுக்குக் குறுக்கே சங்கிலியை மாட்டினார்.

"என்னண்ணை இது?" என்றார் புனிதமலர்.

"ஏத்தேலாது, தங்கச்சி. காத்து சரியில்லை."

"நேரம் முடியப்போகுது. நீங்கள்தானே இஞ்சை மனேச்சர், ஒருக்கா விடுங்கோவன்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் கத்தத் தொடங்கியிருந்தார்கள். பத்மநாதன் சவளைப் பனியில் குத்தி நிறுத்தினார். இனி ஒளித்து என்ன பயன்?

"நான் மனேச்சர் இல்லை, தங்கச்சி. ஸ்னோ அள்ளுறன், கதிரையைப் பிடிச்சுக் குடுக்கிறன். அவ்வளவுதான் என்ரை வேலை. தரகர் சொன்னது பொய். தெரிஞ்சும் நான் பேசாமல் இருந்திட்டன்."

அம்பிகை கண்ணை மூடிக்கொண்டாள். புனிதமலரின் முகம் இறுகிவிட்டது. மகனைக் கூட்டிக்கொண்டு அடிவாரத்திலேயே இருந்த இன்னொரு கோப்பிக்கடைக்குள் போய்விட்டார். கிருசாந்தினி தகப்பனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

கதிரைகளில் இருந்தவர்கள் மேலே போய்ச் சேர்ந்ததும் சல்வத்தோரே பூனை வண்டியில் இறங்கி வந்தார். முழு வரிசைக்கும் கேட்க வைதார். நாற்பத்திரண்டில் மூட நீ யார், ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தில் மண் போட உனக்கு யார் அதிகாரம் தந்தது என்று. கோப்பிக்கடைக் கதவு திறந்துதான் கிடந்தது. பத்மநாதன் தலையைக் குனிந்து கேட்டார். எல்லாவற்றையும் கேட்டு முடித்தபின் ஒன்றே ஒன்று சொன்னார்: நீ வேண்டுமென்றால் கழற்று, நான் கழற்றமாட்டேன். சல்வத்தோரே சங்கிலியில் கை வைத்தார். இரண்டாவது கம்பத்தைப் பார்த்தார். கையை எடுத்தார்.

பதினொன்று முப்பத்தைந்து வந்து போனது. பன்னிரண்டு மணியளவில் கருவியும் ஐம்பத்தாறு காட்டியது. மூடியாயிற்று என்று பலகை தொங்கவிட்டார்கள், மேலே நின்றவர்களைப் பூனை வண்டியில் இறக்கினார்கள். சல்வத்தோரே மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஒரு கோப்பியைக் கொண்டுவந்து பத்மநாதனின் கையில் திணித்துவிட்டுப் போனார். அவருக்குத் தெரிந்த மரியாதை அது.

கோப்பி ஆறியது. மகளின் வாழ்க்கையைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்ற நினைப்பில் பத்மநாதன் அள்ளத் தேவையில்லாத பனியை அள்ளிக்கொண்டிருந்தார். அப்போது பட்டுச்சேலையின் கரை பனியில் தோய, புனிதமலர் அவரிடம் நடந்து வந்தார். பின்னால் பிரசாந்.

"பிள்ளையைக் கூப்பிடுங்கோ. இஞ்சை நிண்டே பாப்பம்."

அம்பிகை பதறினாள். "இப்ப எமகண்டம் எல்லே, அக்கா? ஒண்டரைக்குப் பிறகு பாப்பமே."

"தெரியும். இருக்கட்டும்." புனிதமலர் பத்மநாதனைப் பார்த்துச் சொன்னார்: "பொய்க்கு எனக்குக் கோவம்தான் அண்ணை, இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் கலியாணம் குழம்பினாலும் பறவாயில்லை எண்டு என்ரை பிள்ளையை அந்தக் கதிரையிலை ஏத்தாமல் விட்டனீங்கள். உங்கடை வீட்டுக்கு அவனை அனுப்ப நான் நேரம் பாக்கத் தேவையில்லை."

கிருசாந்தினி வந்தாள். ஆறு மாதம் கதைத்துச் சிரித்த பிள்ளைகள் இரண்டும் முகத்துக்கு முகம் வந்ததும் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன.

பலகையைக் கட்டிவிட்டு அந்தப் பக்கமாக வந்த சல்வத்தோரே, அழுக்குப் பனிக்கு நடுவில் பட்டுச்சேலையோடு நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, என்ன நடக்கிறது என்று கேட்டார்.

"என் மகளுக்குக் கல்யாணம்" என்றார் பத்மநாதன் இத்தாலிய மொழியில். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.