வலி திரும்பி வந்த காலை

எழுந்து நின்று சாட்சி சொல்ல என் கால் இன்னும் முழுசாகத் தேறவில்லை, சகோதரிகளே. உட்கார்ந்தே சொல்கிறேன். ஆண்டவர் கோபிக்க மாட்டார், நீங்களும் கோபிக்காதீர்கள்.

தாராவியில் பை தைக்கிற வேலை எனக்கு. நாள் முழுக்க மெஷின் முன்னால் குனிந்த முதுகு. போன மழைக்காலத்தில் இடுப்பில் வலி பிடித்தது. பிட்டத்திலிருந்து கால் பெருவிரல் வரை கத்தியால் கிழிக்கிற வலி. தலையணையைக் கடித்தேன். ஒரு நாள் என் வீட்டுக்காரர் கையையே கடித்துவிட்டேன், ரத்தம் வந்தது.

என் கொழுந்தன் செல்வம் கால் முதலில் வெளியே வந்து பிறந்தவன். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுப்போகும் என்று எங்கள் சனம் நம்பும். இங்குள்ள மராத்திக்காரர்களும் நம்புவார்கள். ஒரு நாள் காலையில் அவனைக் கூப்பிட்டோம்.

"மதினி, பல்லக் கடிச்சுக்கிடுங்க, ஒரே மிதிதான்" என்றான். குப்புறப் படுத்தேன். குதிகாலால் ஓங்கி மிதித்தான். நான் போட்ட கூச்சலில் தெருவே ஓடி வந்தது.

வலி இன்னும் மூர்க்கமானது. "ஒன்று வலியை எடும், இல்லை என்னை எடும்" என்று ஆண்டவரிடம் சண்டை போட்டுச் சுவரில் தலையை மோதினேன். அன்று சாயங்காலம் வலி நின்றது. சுத்தமாக நின்றது. ஜெபிக்க வந்த சகோதரிகள் கைதட்டிப் பாடினார்கள். நானும் அழுது ஸ்தோத்திரம் சொன்னேன்.

பிறகு என் மகள் ஜெனி கொடுத்த டீ கை தவறித் தொடையில் கொட்டியது. தோல் வெந்து சுருண்டது. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"எம்மா, ஒனக்குச் சுடலயா?" என்று ஜெனி அலறினாள்.

சுடவில்லை. எழப் பார்த்தேன், கால் மடங்கி விழுந்தேன். காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. டாக்ஸியில் போகிற வழியெல்லாம், "நான் கேட்டது இதில்லை ஆண்டவரே, வலியைத் திருப்பித் தாரும்" என்று கத்திக்கொண்டே போனேன்.

டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டு வருஷக்கணக்காகத் தேய்ந்து பிதுங்கியிருந்ததாம். மிதித்ததில் கிழிந்து, நரம்புக் கொத்தை நசுக்கிவிட்டதாம். குணமாகி வலி போகவில்லை, நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது என்றார். உடனே முதுகை அறுத்தார்கள்.

மறுநாள் காலை பெருவிரலில் சுருக்கென்று குத்தியது. பிறகு கால் முழுக்க எரிந்தது. நர்ஸ் வலிக்கு ஊசி கொண்டுவந்தாள். கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அந்த வலியோடே அழுது ஸ்தோத்திரித்தேன்.

செல்வம் இப்போது யாரையும் மிதிப்பதில்லை. கூப்பிடுகிறவர்களைத் திட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறான். நீங்களும் ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். ஆனால் கால் மரத்தால், சிறுநீர் அடைத்தால், ஜெபித்துக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள். ஆண்டவர் உனக்கு என்ன செய்தார் என்று கேட்கிறவர்களிடம், எனக்கு வலிக்க வைத்தார் என்றுதான் சொல்கிறேன்.