காயாத நீச்சலுடை

"ஏளா, ஒனக்கு எதுக்கு நீச்சலு? கொஞ்சம் பொறுத்துக்க, ஜூன் மழ வந்துட்டா நம்ம சந்துலயே நீந்தலாம். ஃபீஸும் கெடையாது."

எதிர்வீட்டு அத்தை இதைச் சொன்னது குழாயடியில், குடங்கள் நிறைந்துகொண்டிருந்தபோது. எல்லோரும் சிரித்தார்கள். குழாயடிப் பேச்சுக்கெல்லாம் வருத்தப்படுகிற ஆள் நானில்லை. ஆனால் அம்மாவும் சிரித்தாள். அதுதான் உறுத்தியது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். காலேஜுக்குப் போனதும் நான்தான். இப்போது செம்பூரில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. இதிலெல்லாம் எனக்குப் பெருமை உண்டு, அதை மறைக்க மாட்டேன். எதைப் படித்தாலும் வீட்டில் சந்தேகம் கேட்க ஆள் இருந்ததில்லை. முட்டி மோதி நானே கற்றுக்கொண்டேன். அதனாலேயே போன வருடம் ஆபீஸ் பிக்னிக்கில் நடந்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஊருக்கு வெளியே ஒரு ரிசார்ட். என்னோடு வேலை பார்க்கும் பெண்கள் எல்லோரும் நீச்சல் குளத்தில் குதித்தார்கள். எனக்குச் சளி என்று சொல்லிவிட்டு விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொருத்தியாக வந்து மொபைலையும் வாட்சையும் என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். சாயங்காலம்வரை நான் அவர்களுக்குக் காவல்காரி.

இந்தக் கோடையில் மாநகராட்சி நீச்சல் குளத்தில் பெண்களுக்கான பேட்ச் தொடங்குகிறது என்று தெரிந்ததும் சேர்ந்துவிட்டேன். ஆபீஸ் போவதற்கு முன்னால், காலையில் வகுப்பு. கடைசி வாரம் ஒரு சோதனை வைப்பார்கள். குளத்தின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை எங்கும் நிற்காமல் நீந்தினால், பெரிய குளத்தில் வருடம் முழுக்க நீந்த அனுமதி. முடியாதவர்கள் அடுத்த கோடைவரை காத்திருக்க வேண்டியதுதான். அந்த அனுமதி எனக்கு வேண்டியிருந்தது.

முழங்கால்வரை நீளும் கறுப்பு நீச்சலுடை, தொப்பி, கண்ணாடி எல்லாம் வாங்கினேன். மூச்சடக்கிப் பழக, வீட்டு மூலையில் நாங்கள் குளிக்கும் மோரியில் உட்கார்ந்து பக்கெட் தண்ணீருக்குள் முகத்தை வைத்தேன்.

"அதுக்குள்ள என்னளா தேடுத?" என்றாள் அம்மா.

"மூச்சு பிடிக்கேன்."

"பிடிச்சு முடிச்சிட்டு தண்ணியக் கொட்டிராத. பாத்திரம் கழுவணும்."

முதல் வாரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதறியதோடு போயிற்று. பயிற்சி கொடுத்த மராட்டி மேடம், "பானி ஸே லடோ மத்" என்று கத்திக்கொண்டே இருப்பார். தண்ணீரோடு சண்டை போடாமல் இருப்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் அவர் என் முதுகுக்கடியிலிருந்து கையை எடுத்தது தெரியாமல் நான் மிதந்துகொண்டிருந்தேன். காதுக்குள் தண்ணீர் நிறைந்ததும் உலகம் அப்படியே அணைந்துபோனது. மிக்ஸி இல்லை, டிவி இல்லை, மேல்வீட்டுக்காரர்கள் ஏறி இறங்கும் ஏணியின் சத்தம் இல்லை. கைகளை நீட்டினேன். நீட்டிக்கொண்டே போனேன், எதிலும் இடிக்கவில்லை. என் கை இத்தனை நீளமா என்று இருந்தது. அன்று செம்பூர் தெருவில் தலை ஈரம் சொட்டச் சொட்ட, எனக்குள் சிரித்துக்கொண்டே ஆபீசுக்கு நடந்தேன்.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் சொல்லித் தருவதில்லை, பெண்பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். உள்ளாடையை வெளிக்கயிற்றில் அப்படியே போடக்கூடாது. துண்டுக்கோ நைட்டிக்கோ அடியில் ஒளித்துத்தான் காயவைக்க வேண்டும். ஆண்களின் பனியனும் ஜட்டியும் நாள் முழுக்க வெளியே ஆடிக்கொண்டிருக்கும். அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

நீச்சலுடையும் உள்ளாடைதான் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானாகவே அப்படி எடுத்துக்கொண்டேன். பகலெல்லாம் அது என் ஆபீஸ் பையில், பிளாஸ்டிக் கவருக்குள் நனைந்து கிடக்கும். ராத்திரி வீட்டுக்குள் கட்டிய கொடியில், அம்மாவின் நைட்டிக்கு அடியில் தொங்கும். காலையில் தொட்டால் சில்லென்று இருக்கும். அதையே மாட்டிக்கொள்வேன்.

இடுப்பிலும் அக்குளிலும் சிவந்து தடித்தது. குளோரின் பழகிவிடும் என்று நினைத்தேன். ஒரு காலை, குளத்தில் இறங்குமுன் ஷவரில் நான் சொறிந்துகொண்டிருந்ததை மேடம் பார்த்துவிட்டார்.

"யே க்யா ஹை? டாக்டர் கி சிட்டி லேகே ஆவ். தப் தக் பானி மே நஹி."

டாக்டர் சீட்டு வராமல் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது. சோதனையோ நெருங்கிவிட்டது. மற்றவர்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, யாரும் மொபைலைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

எங்கள் பகுதியிலேயே, லேபர் கேம்ப் என்கிற இடத்தில், ஒரு தமிழ் டாக்டரம்மா இருக்கிறார். பார்த்ததுமே, "ஈரத்துணி போடுறியா?" என்றார்.

தலையாட்டினேன்.

"எங்க காயப்போடுற?"

"வீட்டுக்குள்ள, அம்மா நைட்டிக்கு அடியில" என்றேன், பட்டப்படிப்பு படித்த நான். அவர் மருந்தை எழுதிக்கொண்டே சொன்னார்: "வெயில்ல போடும்மா. இல்லேன்னா திரும்பத் திரும்ப வரும். சனிக்கிழமை வந்து காட்டு, ஆறியிருந்தா சீட்டு தர்றேன்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"வெளிக்கயித்துலயா? ஞாயித்துக்கெழம ஒன்னப் பொண்ணு பாக்க உல்லாஸ்நகர்லேருந்து வாராவ. சந்துக்குள்ள நொழையும்போதே அதுவா கண்ணுல படணும்?"

"பட்டா படட்டும். எனக்கு அரிக்கும்மா, தூங்க முடியல."

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "பொம்பளைன்னா அரிக்கத்தான் செய்யும். எனக்கு மழைக்காலம் பூரா உண்டு. பவுடரப் போட்டா அடங்கும். இதுக்குப் போயி டாக்டரா?"

"எப்போலேருந்தும்மா?"

"கல்யாணம் ஆகி இங்க வந்ததுலேருந்து." பிறகு குரலைத் தணித்தாள். "ஒங்கப்பாட்ட சொல்லிராத."

நாங்கள் ஒரே அறையில் கைக்கெட்டும் தூரத்தில் படுத்துத் தூங்குகிறவர்கள். அடுப்படியில் நிற்கும்போது அம்மா புறங்கையால் இடுப்பைத் தேய்த்துக்கொள்வதை நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறேன். அது அவள் நிற்கும் விதம் என்றே நினைத்திருந்தேன்.

மறுநாள் லீவு போட்டேன். எங்கள் சந்துக்குள் வெயில் விழுவது முற்பகலில் கொஞ்ச நேரம்தான். அந்த வெயில் வந்ததும் நீச்சலுடையை உதறி, வெளிக்கயிற்றில், பனியன்களுக்கு நடுவில் மாட்டி கிளிப் போட்டேன்.

"ஏளா, யாரத் தொங்கவிட்டிருக்க? பாதி ஆளுல்லா தொங்குது!" என்றாள் எதிர்வீட்டு அத்தை.

"நாந்தான் அத்தை. காஞ்சதும் எடுத்துக்கிடுதேன்."

வாசல்களில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கையில் ஒரு துண்டோடு வெளியே வந்தாள், அதை மூட. நான் கயிற்றின் முன்னால் நகராமல் நின்றேன். என்னையும் கயிற்றையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. தட்டை மட்டும் என் முன்னால் நகர்த்தி வைக்கிறாள்.

நீச்சலுடை மொறமொறவென்று காய்ந்துவிட்டது. என் தோல்தான் இன்னும் முழுதாக ஆறவில்லை. சனிக்கிழமை சீட்டு கிடைக்காவிட்டால் சோதனை நானில்லாமல் நடந்து முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களா இல்லையா என்று அம்மாவிடம் கேட்கவும் தயக்கமாக இருக்கிறது.

நேற்று ஆபீசிலிருந்து வரும் வழியில் டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போய் சனிக்கிழமைக்கு இரண்டு டோக்கன் வாங்கினேன். ஒன்று எனக்கு. அதற்கடுத்தது அம்மாவுக்கு. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.