தவளைக் காரின் சத்தம்

ஜெனி, பிரவீன், சைலன்சரைக் கழற்றிவிட்ட பைக் ஒன்று நம் தெருவில் 'படபட' என்று போகும்போதெல்லாம் நீங்கள் இருவரும் காதைப் பொத்திக்கொள்கிறீர்கள், உங்கள் அம்மா ஓட்டுகிறவனைத் திட்டுகிறாள், நான் மட்டும் சாப்பிட்ட கையோடு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நிற்கிறேன். அந்த அண்ணனை உனக்குத் தெரியுமா என்று பிரவீன் ஒருநாள் கேட்டான். தெரியாது. என் கெண்டைக்காலில் இருக்கும் பளபளப்பான தழும்பு எப்படி வந்தது என்று ஜெனி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். இரண்டுக்கும் ஒரே பதில்தான். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன், அதனால் எழுதுகிறேன். நான் ஐடிஐ படித்தவன், கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. உங்களைப் போன்ற வேறு பிள்ளைகளும் படித்தால் சந்தோஷம்.

உங்களுக்குத் தெரிந்த அப்பாயிக்கு இடி விழுந்தாலும் கேட்காது. நீங்கள் கையைக் காட்டி, முகத்தைக் காட்டித்தான் அவரோடு பேசினீர்கள். ஆனால் எனக்கு ஏழெட்டு வயதாக இருந்தபோது அவருக்கு, அதாவது என் அம்மாவுக்கு, காது பாதிதான் போயிருந்தது. அப்பா அப்போது மஸ்கட்டில் குழாய் பொருத்தும் வேலையில் இருந்தார். அவர் அங்கே இருக்கும்போதுதான் அம்மாவுக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போனது. அப்பாவுக்கு விஷயம் தெரியும், எவ்வளவு என்று தெரியாது. லீவில் வந்தவர் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து வாடகைக் கார் பிடித்து வந்து இறங்கி, கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பின்னாலிருந்து "தெரசா" என்று கூப்பிட்டார். அம்மா திரும்பவில்லை. இன்னொரு தரம், இன்னும் கொஞ்சம் சத்தமாக, கூப்பிட்டார். பெட்டியைத் தூக்கி வந்த டிரைவரும் வேடிக்கை பார்க்க வந்த தெருக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, பல வருஷம் கழித்து வந்த மனிதர் தன் பெண்டாட்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபமாக இருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தாராம். நான் ஓடிப்போய் அம்மாவின் முந்தானையை இழுத்தேன். சோப்பு நுரைக் கையோடு திரும்பிய அம்மா, அப்பாவைப் பார்ப்பதற்கு முன்பே அவருக்குப் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டாள். அன்று அவள் அழுதது சந்தோஷத்திலா வெட்கத்திலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் காபி குடிக்கும்போது அப்பா, அம்மாவுக்குத் தன் உதடு நன்றாகத் தெரியும்படி நேரே உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "நான் வர்றது உனக்குத் தெரியணும், தெரசா. இன்னொருத்தர் வந்து சொல்லித் தெரியக்கூடாது."

புதுப்புது மாடல் கார்கள் நாட்டுக்குள் வரத் தொடங்கியிருந்த வருஷங்கள் அவை. வசதியானவர்கள் பழைய வண்டிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். திருச்சியில் ஒரு டாக்டர் வீட்டு ஷெட்டில், இரண்டே கதவும் மடக்குகிற துணிக்கூரையும் தரையோடு படுத்த உடம்புமாக, பழைய பந்தயக் கார் மாதிரி ஒன்று தூசி படிந்து கிடந்தது. சின்ன வயதில் ஏதோ ஒரு கல்யாணத்தில் அப்படி ஒரு வண்டியைப் பார்த்ததிலிருந்து அப்பாவுக்கு அதன்மேல் ஒரு கண். வாங்கி வந்துவிட்டார். முன்னால் இரண்டு விளக்கும் முட்டை முட்டையாகத் துருத்திக்கொண்டிருந்ததால் தெருப்பிள்ளைகள் அதற்குத் "தவளை" என்று பெயர் வைத்தார்கள். அம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இதுல எத்தன மூட்ட நெல்லு ஏத்தலாம்?" என்று கேட்டாள். ஒரு மூட்டைகூட ஏற்ற முடியாது. நானே பின்னால் முட்டியைக் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

நம் பக்கத்தில் வண்டியின் புகைக்குழாய் முழுவதையுமே சைலன்சர் என்றுதான் சொல்வோம். சத்தம் வருகிற இடம் என்பதால் சத்தத்துக்குத்தான் அந்தப் பெயர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது சத்தத்தை அடக்குகிற பெட்டி என்பது ஐடிஐ போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்பா மாட்டுக்கொட்டகையில் ஓர் ஆள் மல்லாக்கப் படுக்கிற அளவுக்குக் குழி வெட்டி, அதன்மேல் வண்டியை நிறுத்தி, உள்ளே இறங்கி அந்தப் பெட்டியை ரம்பத்தால் அறுத்து எடுத்தார். உள்ளே ஓட்டை ஓட்டையாகத் தகடுகள், துரு, ஒரு எலியின் கூடு. அதற்குப் பதில் ஒரு நேர்க்குழாயை வைத்துப் பட்டை போட்டு முறுக்கி, சந்துகளில் சூடு தாங்குகிற கல்நார்க் கயிறு சுற்றினார். அந்த நாட்களில் நான் பார்த்த அப்பா பெரும்பாலும் குழியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பாதங்கள்தான். நீங்கள் யாரும் இதைச் செய்யக்கூடாது, இப்போது போலீஸ் பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும்.

அதை முதல்முதலாகக் கிளப்பிய அன்று கோழிகள் கூரைமேல் ஏறின. தெருவே வெளியே வந்தது. அப்பா வாய்க்கால் மதகு வரை போய்த் திரும்பி வந்தார். புளி ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, தலை நிமிராமல் கொட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து வாசலுக்கு வந்து, "ஏன் எல்லாரும் தெருவுல நிக்கிறாங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

அப்பா மறுபடியும் குழிக்குள் இறங்கவில்லை. வண்டியைப் பார்த்தபடி இரண்டு மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒரு மத்தியானம், அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தவள், தட்டைப் பார்த்தபடியே, "கோவிந்தசாமி அண்ணன் இன்ஜின நிறுத்திட்டாரு போல" என்றாள். எங்கள் கொல்லைக்கு அடுத்த வயல் கோவிந்தசாமி மாமாவுடையது. ஆற்றில் தண்ணீர் வராத மாதங்களில் டீசல் இன்ஜின் வைத்துத்தான் இறைப்பார். அது அப்போதுதான் நின்றிருந்தது. அப்பா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் பின்பக்கமாக ஓடினார். இன்ஜினை மறுபடி போடச் சொல்லி, நிறுத்தச் சொல்லி, போடச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் வேலியோரம் நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு ஒவ்வொரு தடவையும் தெரிந்தது. கூர்மையான சத்தமெல்லாம் போய்விட்டிருந்தது, கனத்த சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. அது காதால் கேட்டதா, காலடித் தரை வழியாக ஏறியதா, யாருக்குத் தெரியும். "தொபாய்க்காரருக்குப் பொழுது போகல, என் இன்ஜின வச்சு வெளாடுறாரு" என்று கோவிந்தசாமி மாமா சொல்லிச் சிரித்தார். வெளிநாடு எதுவானாலும் அவருக்குத் துபாய்தான்.

அப்பா நேர்க்குழாயைக் கழற்றி எறிந்தார். மாமாவிடம் கிடந்த பழைய இன்ஜினின் புகைக்குழாய் உருளையை, பானை அளவு இருக்கும், கேட்டு வாங்கி, உள்ளே இருந்த தகடுகளைப் பிடுங்கி வெறும் கூடாக்கி, முன்னைவிட அகலமான குழாயில் இணைத்தார். வண்டியோ தரையோடு படுத்த வண்டி; அந்த உருளை அடியில் வைத்தால் இடிக்கும். அதனால் குழாயைக் கதவுக்குக் கீழே பக்கவாட்டில் கொண்டுவந்து விட்டார். அதில்தான் நான் இறங்கும்போது காலைச் சுட்டுக்கொண்டேன், ஜெனி. அம்மா மாவைக் குழைத்துப் பூசினாள், அப்பா அந்த இடத்தில் தகரம் வைத்து மறைத்தார்.

இந்தத் தடவை சத்தம் பெரிதாக இல்லை, ஆழமாக இருந்தது. அப்பா மதகுக்குப் போயிருந்தார்; அம்மாவின் முகத்தைப் பார்க்க என்னை வீட்டில் விட்டிருந்தார். அடுப்படி அலமாரியில் அம்மாவின் கல்யாணச் சீராக வந்த கும்பகோணம் டபரா செட்டுகள் இருந்தன. டபராவுக்குள் டம்ளர்கள் 'கிணுகிணு' என்று நடுங்கத் தொடங்கின. அம்மா தலை நிமிர்ந்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். "கோவிந்தசாமி அண்ணன் இன்னிக்கு வெள்ளனவே இன்ஜின் போட்டுட்டாரு" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி அரிசியைப் புடைக்க ஆரம்பித்தாள்.

வாசலில் வண்டியை நிறுத்திய அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. என்ன சொன்னாள் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியதை என்னால் எழுத முடியவில்லை. "இன்ஜின்னு சொன்னாளா? அப்ப கேட்டிருக்குடா தம்பி. கேட்டிருக்கு" என்றார்.

மறுநாளிலிருந்து மதகில் ஏறும்போது அப்பா ஆக்ஸிலேட்டரை மூன்று தரம் அழுத்துவார். மூன்று உறுமல், அப்புறம்தான் தெருவுக்குள் வருவார். ஒருநாள் அந்த உறுமலுக்கு அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து கதவைத் திறந்து நின்றாள். அப்பா வண்டியை விட்டு இறங்காமலே, யார் வந்திருப்பது என்று எப்படித் தெரிந்தது என்று சைகையில் கேட்டார்.

"பின்ன, கோவிந்தசாமி அண்ணன் இன்ஜினா வாசலுக்கு வரும்?" என்றாள் அம்மா.

தெருவில் பேச்சு வந்தது. மத்தியானம் கண்ணசர முடியவில்லை என்றார்கள், வெளிநாட்டுக் காசு உறுமுகிறது என்றார்கள். "என் இன்ஜினு தண்ணி இறைக்குது, உங்க இன்ஜினு காத்த இறைக்குது" என்று மாமா கிண்டல் செய்தார். காதுக்காக என்று யாரிடமும் சொல்லிவிடக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால், அப்பா எல்லாவற்றுக்கும் சிரித்து, "பவுசுக்காரர்" என்ற பட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டார். அந்தக் கோடை முழுவதும் அவர் வெளியே போவதே திரும்பி வருவதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றும். தீப்பெட்டி வாங்கக்கூடக் காரில் போவார்.

லீவு முடிந்து கிளம்பிய அன்று மட்டும் அவர் காரை எடுக்கவில்லை. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். மதகு வரை நானும் போனேன். காரில் போயிருக்கலாமே என்றதற்கு, "அது வர்ற சத்தமாவே இருக்கட்டும்டா" என்றார்.

தவளையைச் செங்கல்மேல் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடினோம். அதற்குப் பிறகு வீட்டில் நானும் அம்மாவும்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் "அம்மா" என்று கத்துகிற பழக்கம் எனக்கு இல்லாமலே போனது. நேரே போய்த் தோளைத் தொடுவேன், அவள் ஒவ்வொரு நாளும் திடுக்கிடுவாள். அடுத்த கோடையில் கோவிந்தசாமி மாமா இன்ஜினைப் போட்டார். டீசல் குறைந்தால் அது சீராக ஓடாமல் இருமும், உறுமும், பிறகு நிற்கும். அப்படி உறுமிய ஒரு மத்தியானம் அம்மா பாத்திரத்தைப் போட்டுவிட்டு எழுந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, போய்க் கதவைத் திறந்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும், "நாயி கத்துன மாதிரி இருந்துச்சு" என்றாள். நாய் குரைப்பது அவளுக்குக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அந்தக் கோடையிலும் அடுத்த கோடையிலும் அம்மா அப்படிப் பல தடவை கதவைத் திறந்தாள். கிறிஸ்துமஸுக்கு வருவார், ஈஸ்டருக்கு வருவார் என்று நாங்கள் நினைத்தபோதெல்லாம் அப்பாவுக்கு லீவு தள்ளிப்போனது. வந்தாலும் சில வாரங்கள், அதற்குள் ஆஸ்பத்திரி, பத்திர ஆபீஸ், உறவு வீட்டு விசேஷம். தவளை தார்ப்பாயிலிருந்து வெளியே வரவில்லை.

நான் ஐடிஐ முடிக்கும்போதுதான் அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். வந்த வாரமே தார்ப்பாயை விலக்கி, பேட்டரி மாற்றி, கார்பரேட்டரைக் கழுவி, எப்படியோ கிளப்பிவிட்டார். மதகுக்குப் போனார். எனக்குக் கேட்டது: மூன்று உறுமல். டம்ளர்கள் நடுங்கின. அம்மா முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அதற்குள் அவளுக்கு இன்ஜினும் கேட்காமல் போயிருந்தது. எனக்கு அது தெரிந்திருந்தது, அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

அப்பா வாசலில் இன்னும் ஒரு தரம் அழுத்திப் பார்த்தார். பிறகு நிறுத்திவிட்டு உள்ளே வந்து, அம்மாவின் பின்னால் நின்று, மெதுவாக அவள் தோளைத் தொட்டார். அவள் திடுக்கிட்டாள். அதற்கப்புறம் அந்த வண்டியை அவர் கிளப்பவே இல்லை. ஆடி மாதம் இரும்புக்காரன் வந்து இழுத்துக்கொண்டு போனான்.

இப்போது அந்தப் பக்கம் எல்லா வயலிலும் கரண்ட் மோட்டார்தான். சுவிட்சைத் தட்டினால் தண்ணீர் வருகிறது, ஓடுகிறதா இல்லையா என்று பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கோவிந்தசாமி மாமா இல்லை, உங்கள் தாத்தா இல்லை, அப்பாயியும் போய்விட்டார். போன கோடையில், விற்ற வீட்டைச் சுத்தம் செய்து சாவியைக் கொடுக்க நான் மட்டும் போனேன் அல்லவா, அன்று நடந்ததை உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஊரில் டிரான்ஸ்பார்மர் எரிந்து கிடந்தது. நாற்று காய்கிறது என்று யாரோ எங்கிருந்தோ வாடகைக்கு ஒரு டீசல் இன்ஜின் கொண்டுவந்து பின் வயலில் போட்டிருந்தார்கள். நான் அடுப்படியில் டபரா செட்டுகளை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றாமல் இருந்த டம்ளர்கள் அலமாரியில் நடுங்க ஆரம்பித்தன. டீசல் குறைந்திருக்க வேண்டும், இன்ஜின் இருமி, இழுத்து, உறுமியது.

கையில் இருந்ததைக் கீழே வைத்தேன். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு போய், வாசல் கதவைத் திறந்தேன்.