முதுகோடு முதுகாக இரண்டு நாற்காலிகள்

போன வாரம் பிரேசர் டவுன் சிக்னலில் ஆட்டோவில் மாட்டிக்கொண்டேன். பெங்களூர் டிராபிக்கைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தால் பக்கம் போதாது, விடுங்கள். முன்னால் யாரோ வீடு காலி செய்துகொண்டு போகிற டெம்போ ஒன்று நின்றது. கட்டில், பீரோ, வாஷிங் மெஷின், எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு மர நாற்காலிகள். முதுகோடு முதுகாகச் சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அவ்வளவுதான் பார்த்தேன். பச்சை விழுந்து பின்னால் எல்லாரும் ஹாரன் அடிக்கையில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஏம்மா, தூசியா?" என்றார். "ஆமாண்ணா, மெட்ரோ தூசி" என்றேன். இந்த ஊரில் எந்தப் பழியையும் மெட்ரோ மேல் போடலாம், அது கோபித்துக்கொள்ளாது.

அந்தச் சிக்னலுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே பேக்கரிக்கு மேல் மாடியில் நான் சில வருஷம் இங்கிலீஷ் டீச்சர். பிள்ளைகளுக்கு இல்லை, மீசையும் தாடியும் வைத்த பெரியவர்களுக்கு. அதுவும் கடல் தாண்டி வந்தவர்களுக்கு. சூடான், இராக், ஏமன் என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். பாதிப் பேர் காலேஜில் சேர வந்தவர்கள், மீதிப் பேர் வீட்டில் ஒருவருக்கு வைத்தியம் பார்க்க வந்து, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிப் பக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கியவர்கள். வாணியம்பாடியில் தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். முதல் வேலைக்கு இன்டர்வியூ போனபோது என் இங்கிலீஷைக் கேட்டு இன்டர்வியூ எடுத்த அம்மாள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். அப்படிப்பட்டவள் அரபு தேசத்துக்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். சிரிக்காதீர்கள், நானே போதுமான அளவு சிரித்துவிட்டேன்.

கீழே பேக்கரியில் மூன்று மணிக்கு தில்பசந்த் என்கிற இனிப்பு ரொட்டி வேகும். தேங்காய்ப்பூவும் டூட்டி ஃப்ரூட்டியும் வெண்ணெயில் வேகிற வாசனை படியேறி வந்துவிட்டால் அப்புறம் யார் காதிலும் பாடம் ஏறாது. இப்போதும் அந்த வாசனை மூக்கில் பட்டால் எனக்கு நூராவின் ஞாபகம்தான் வரும்.

அவளுக்கு முன்னால் எங்கள் கிளாஸ் ஓனர் டேவிட் சாரைச் சொல்லிவிடுகிறேன். தாத்தா காலத்திலிருந்து பிரேசர் டவுன். தமிழ், கன்னடம், உருது மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். "புக்கு வாசிக்காதம்மா, பேச வை. தப்பா பேசினா பரவால்ல, பேசணும். அஷ்டே, அவ்வளவுதான்" என்பார். சனிக்கிழமை போன் கிளாஸ் அவர் கண்டுபிடிப்பு. இரண்டு நாற்காலியை முதுகோடு முதுகாகப் போட்டு இரண்டு பேரை உட்காரவைப்பார். ஆளுக்கு ஒரு டஸ்டர், அதுதான் ரிசீவர். "மூஞ்சியப் பாத்துப் பேசினா கண்ணு, கையி எல்லாம் மதத் பண்ணும், ஒத்தாசைக்கு வரும். போன்ல யாரு பண்ணுவா?" என்பார்.

எங்கள் மாணவர்களால் போனில் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வர முடியாது. நலம் விசாரிக்காமல் பேசுவது அவர்களுக்கு மகா அநாகரிகம். அதனால் யார் உட்கார்ந்தாலும் முதல் மூன்று வரி மாறாது, கடவுளுக்குப் புகழ் சொல்கிற அந்த அரபு வார்த்தையும் சேர்த்து. "ஹவ் இஸ் யுவர் ஃபேமிலி?" "மை ஃபேமிலி இஸ் வெல், அல்ஹம்துலில்லாஹ்." "ஐ ஆம் ஹாப்பி டு ஹியர் இட்." மூன்றாவது வரி வந்த பிறகுதான் பேங்க்கோ, ஹவுஸ் ஓனரோ, எதுவானாலும்.

மாணவர்களில் ஒருவரான சலீம்தான் எனக்கு இதை விளக்கினார். அவர்கள் ஊரில் ஒருத்தனிடம் 'உன் மனைவி எப்படி' என்று கேட்கமாட்டார்களாம். 'ஃபேமிலி எப்படி' என்றால் மனைவி எப்படி என்று அர்த்தம். ஏமனில் ஏதோ துறைமுகத்தில் மீன் வியாபாரம் பார்த்தவர். ஏலம் கேட்டே பழகிய தொண்டை. அவர் குட் மார்னிங் சொன்னால் கீழே பேக்கரியில் திரும்பிப் பார்ப்பார்கள். "டாக்டர் பத்து நிமிஷம் பேசுகிறார். மொழிபெயர்க்கிற ஆள் எனக்கு 'இன்ஷா அல்லாஹ், கடவுள் விட்ட வழி' என்று மட்டும் சொல்கிறான். அந்தப் பத்து நிமிஷம் எங்கே போச்சு? எனக்கு அது வேண்டும்" என்றார். அதற்காகத்தான் கிளாஸில் சேர்ந்தார்.

வைத்தியம் நூராவுக்கு, அவர் மனைவிக்கு. ரூமில் தனியாக இருக்கப் பிடிக்காமல் கூடவே வருவாள். கிளாஸில் சேரவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்து எல்லாருக்கும் சுளை சுளையாகக் கொடுப்பாள். இடைவேளையில் கீழே போய் "பை டூ" என்று சொல்லி ஒரு டீயை இரண்டு கிளாஸாக வாங்கிப் புருஷனோடு குடிப்பாள். அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்ட இங்கிலீஷ் அந்த இரண்டு வார்த்தைதான்.

ஒரு நாள் சலீம் தனியாக முன்னாடியே வந்தார். நூரா கீழே தில்பசந்த் வாங்கிக்கொண்டிருந்தாள். "டீச்சர், எனக்கு ஒரு செண்டன்ஸ் வேண்டும், சீக்கிரம்" என்றார். டாக்டரிடம் சொல்லவேண்டிய செண்டன்ஸ். 'தயவுசெய்து என் ஃபேமிலியிடம் சொல்லாதீர்கள்.' முந்தின நாள் டாக்டர் பேசியதை மொழிபெயர்ப்பாளன் இல்லாமல் தானே புரிந்துகொண்டாராம். இனி மருந்து வேண்டாம், ஊருக்குக் கூட்டிப்போங்கள் என்றாராம். அவர் கேட்ட பத்து நிமிஷம் அவருக்குக் கிடைத்துவிட்டது. அடப்பாவி, இதுக்கா இவருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டே போர்டில் எழுதினேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் அவரே ஓடிப்போய் உள்ளங்கையால் அழித்தார்.

இரண்டு நாள் கழித்து நூரா படியில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "டீச்சர், ஐ நோ" என்றாள். பிறகு நிதானமாக, தப்பே இல்லாமல், இங்கிலீஷில் பேசினாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "டாக்டர் என் எதிரிலேயேதான் சொன்னார். எனக்குப் புரியாதுன்னு நினைச்சுட்டார். ஜன்னல் ஓரம் உக்காந்து எல்லாம் கத்துக்கிட்டேன். சலீமுக்குத் தெரிய வேண்டாம். எனக்குத் தெரியாதுன்னு நம்பித்தான் அவர் சோறு சாப்பிடறார்."

நான் ஊரறிந்த வாயாடி. அன்றைக்கு அழத்தான் முடிந்தது. அவள்தான் என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

மனசு பொறுக்காமல் டேவிட் சாரிடம் போய்க் கொட்டினேன். "ரெண்டு பேருக்கும் தெரியும் சார். ஒண்ணா உக்காந்து அழுதுட்டாவது போகட்டுமே, சொல்லிடட்டுமா?" அவர் வெகு நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "அவரு அவளுக்கு ஒரு குடை பிடிக்கிறாரு. அவ அவருக்கு ஒண்ணு பிடிக்கிறா. நீ யாரும்மா பிடுங்கறதுக்கு? விட்டுடு" என்றார்.

அவர்கள் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தாயிற்று. கடைசிச் சனிக்கிழமை. போன் கிளாஸில் சலீம் முறை வந்து உட்கார்ந்தார். முதுகுப் பக்க நாற்காலிக்கு நான் ஆள் தேடும் முன்பே நூரா எழுந்து வந்து உட்கார்ந்து டஸ்டரைக் காதில் வைத்தாள். "ஃபேமிலி வாண்ட்ஸ் டு டாக்!" என்று சலீம் கத்த, கிளாஸே சிரித்தது.

"ஹவ் இஸ் யுவர் ஃபேமிலி?" என்று கேட்டாள் நூரா.

சலீமின் அந்தப் பெரிய தொண்டை இறங்கிப்போயிருந்தது. "மை ஃபேமிலி இஸ் வெல். அல்ஹம்துலில்லாஹ்."

"ஐ ஆம் ஹாப்பி டு ஹியர் இட்" என்றாள்.

முதல் தடவையாக அவள் பேசிவிட்டாள் என்று எல்லாரும் கைதட்டினார்கள். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. போர்டுப் பக்கம் நின்றிருந்த எனக்கு மட்டும் இரண்டு முகமும் தெரிந்தது. அந்த இரண்டு முகங்களை நான் எழுதமாட்டேன். எழுத வரவும் வராது.

பிறகு டேவிட் சார் போய்ச் சேர்ந்தார். கிளாஸை மூடினோம். அந்தக் கட்டடத்தையே இடித்து இப்போது அங்கே ஜிம் வந்திருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் எங்கேயும் போகாமல் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். தில்பசந்த் வேறு பேக்கரிகளில் கிடைக்கிறது, நான் வாங்குவதில்லை.

அவர்கள் ஊருக்குப் போய்ச் சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் எனக்கு சலீமிடமிருந்து போன் வந்தது. "ஹலோ டீச்சர், ஹவ் இஸ் யுவர் ஃபேமிலி?" நல்லா இருக்காங்க என்றேன். அடுத்து நான் கேட்டாக வேண்டும். கேட்காமல் இருப்பது மரியாதை இல்லை. கேட்டேன்.

"மை ஃபேமிலி இஸ் வெல்" என்றார். ஏலம் கேட்ட குரல் இல்லை அது. "அல்ஹம்துலில்லாஹ்."

மூன்றாவது வரி என்னுடையது. சொன்னேன். போனை வைக்கும்வரை நூராவின் பெயரை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அப்புறம் அங்கே சண்டை மூண்டது. டிவியில் துறைமுகம் எரிவதைக் காட்டும்போதெல்லாம் அந்த நம்பரைப் போடுவேன். மணி அடிக்காது. பதிவு செய்து வைத்த ஒரு பெண் குரல் அரபியில் ஏதோ சொல்லும். போன வாரம் அந்த ஆட்டோவிலிருந்து இறங்கியதும் போட்டேன், அதே குரல். எனக்கு அரபி தெரியாது. அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று இதுவரை யாரிடமும் கேட்கவில்லை.