முதல் வரிசையில் பட்டுச்சேலை

நோர்வேயில், மோர்டென்ஸ்ருட்டில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கூட்டம் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் நடந்தது. மூலையில் அடுக்கியிருந்த மெத்தைகளின் ரப்பர் வாசம் மூக்கில் ஏறியதும் நான் பத்து வயதுப் பிள்ளையானேன்.

அன்று இதே போன்றதொரு மண்டபத்தில் சோடி மல்யுத்தப் போட்டி. அப்பாவோடு வேலை செய்த நோர்வேக்காரர் ஒருவர் மோதினார்; எங்களையும் பார்க்க வரச்சொல்லி அழைத்திருந்தார். அழைப்பென்றால் அழைப்புத்தான் என்று அம்மா பட்டுச்சேலை உடுத்து முதல் வரிசையில் இருந்தார்.

“சோடிக்காரன்ரை கையிலை தட்டினால்தான் மற்றவன் உள்ளை வரலாம்,” என்று அப்பா விளங்கப்படுத்தினார்.

இறுதிச் சுற்றில் அப்பாவின் நண்பரை இரண்டு பேர் மாறி மாறித் தூக்கிப் போட்டார்கள். அவருடைய சோடி மேடைக்கு வெளியே விழுந்து கிடந்தார். நண்பர் தவழ்ந்து வந்து, மேடையைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே கையை நீட்டினார். தட்ட ஆளில்லை.

அம்மா எழும்பிப் போய் அந்தக் கையில் பளாரென்று தட்டினார்.

நடுவர் சற்று யோசித்துவிட்டு, மேடைக்கு ஏறும்படி அம்மாவுக்குக் கை காட்டினார்.

“இஞ்சை வாரும், அதெல்லாம் நடிப்பு!” அப்பா பதறினார்.

“ஓம், தெரியும். அதுக்காக ஒருத்தனை ரெண்டு பேர் அடிக்கிறதைப் பாத்துக்கொண்டு இருக்கேலாது.” அம்மா கைப்பையை என் மடியில் போட்டார். “பிடி பிள்ளை.”

அவர் முந்தானையை இடுப்பில் செருக, எதிரணியினர் இருவரும் கைகளை உயர்த்திக்கொண்டு பின்வாங்கினார்கள். மண்டபமே எழுந்து ஆர்ப்பரித்தது.

இங்கே, குடியிருப்புக் கூட்டத்தில், பழுதான லிஃப்டைப் பற்றிக் கேட்ட மேல்மாடி மூதாட்டியை மூன்று பேர் ஒரே நேரத்தில் அதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் துணை தேடிச் சுற்றிலும் பார்த்தார்.

என் கைப்பையைக் கணவரின் மடியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

“பிடியுங்கோ.”