ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கண்கள்

பிள்ளைகளா, இன்று பம்மல் கறிக்கடைக்காரர் "தலை வேணுமா சார்? கண்ணோட தர்றேன்" என்றதும் நான் ஏன் ஒன்றும் வாங்காமல் திரும்பினேன் என்று கேட்டீர்கள்.

எண்பதுகளின் கடைசியில் என் அக்கா, உங்கள் பெரிய அத்தை, கண் ஆபரேஷன் செய்யும் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிறுதோறும் உங்கள் தாத்தா அந்தக் கறிக்கடைத் தெருவிலிருந்துதான் ஆட்டுக்கண்களை டப்பாவில் வாங்கி வருவார். தலைமுடியைவிட மெல்லிய நூலால் அத்தை அவற்றைத் தைத்துப் பழகுவாள். வீடெங்கும் ரத்தவாடை அடிக்கும். "இன்னாம்மா, கோலிகுண்டா இது?" என்று தாத்தா சிரிப்பார்.

பிறகு அத்தையின் வலது கை நடுங்கத் தொடங்கியது. எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை.

"இனிமே கத்தியைத் தொடாதேன்னு காலேஜ்ல சொல்லிட்டாங்கப்பா."

"பயம்தாம்மா. பழகினா சரியாப் பூடும்."

அடுத்த ஞாயிறும் டப்பா வந்தது. "வேணாம்னு எத்தினி வாட்டிப்பா சொல்றது?" என்று கத்திய அத்தை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாத்தா டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் வெயிலில் இறங்கி நடந்தார்.

மத்தியானம் நான் தனியாக அதைத் திறந்தேன். நான்கு கண்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. கிணற்றடியில் குழி தோண்டி, ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்து, மண்ணைத் தள்ளி மூடினேன்.